திமிங்கலத்துக்குப் பிறகு நெத்திலி

எங்கள் வீட்டில் நெத்திலி மீன் மூன்று கோடி வருஷம் கழித்து லாரியைவிடப் பெரிதாக வளர்ந்தது. வளர்த்தவள் நான்தான். சோற்றுக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஐந்து வயசுப் பெண் ஒருத்தியின் இறுக மூடிய வாயைப் பார்த்துக்கொண்டே வளர்த்தேன்.

எண்பதாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். நான் சேலத்தில் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஜாதகத்தில் செவ்வாய் என்று ஐந்தாறு வருஷம் வீட்டோடு உட்கார்ந்திருந்தவள். மேலே படிக்கிறேன் என்று சொன்னால் அப்பா பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்வார். இருபத்தேழு வயதில், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வைத்திருந்த ஒருவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டேன். அவருடைய முதல் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே ஒரு பெண் குழந்தை.

பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளையின் அக்கா, "கொழந்தைக்குச் சோறு ஊட்ட ஒரு கை வேணுமுங்க, வேற ஒண்ணும் எதிர்பாக்கலைங்க" என்றார். உள்ளே இருந்த எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. கை வேண்டுமென்றால் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று அம்மாவின் காதில் விழும்படி சொன்னேன். மூக்குக்கு மேல் கோபம் எனக்கு, பிறவிக் குணம். போய்ச் சேர்ந்த பிறகு பார்த்தால், அவர்கள் கேட்ட அந்த ஒரு வேலைதான் என்னால் செய்ய முடியவில்லை.

குழந்தை என் கையால் சாப்பிட மாட்டாள். அடம் பிடித்து அழுதால்கூடச் சமாதானம் செய்யலாம். அவள் அழுவதே இல்லை. நான் கிண்ணத்தோடு வந்தால் உதட்டை உள்பக்கம் மடித்துக் கடித்துக்கொள்வாள். "வேண்டாங்க" என்பாள், அதுவும் எவ்வளவு மரியாதையாக. என்னை எப்படிக் கூப்பிடுவதென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை; அவளாகவே "ஏனுங்க" என்று வைத்துக்கொண்டாள். கிழங்கு லோடு கொண்டு வரும் லாரிக்காரரையும் ஏனுங்க என்பாள், என்னையும் ஏனுங்க என்பாள். நாத்தனார் வீடு அடுத்த தெருவில். அவர் வந்து ஊட்டினால் நாலு வாய், ராத்திரி அப்பா ஊட்டினால் நாலு வாய். ஆலையில் கிழங்குத் தோல் சீவும் பெண்கள் தூக்குப்போசியிலிருந்து ஒரு உருண்டை கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்வாள். நான் மட்டும் ஆகாது. எலும்பும் தோலுமாக இருந்தாள். பாவாடை நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டவேண்டும்.

"பொறுத்துக்க புள்ள, பழகிக்கும்" என்பார் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே பழகிக்கும். எனக்குத்தான் ஒவ்வொரு வேளையும் மானம் போகிற மாதிரி இருந்தது.

மூன்றாவது மாசம் என்று நினைக்கிறேன். சந்தையிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி வந்திருந்தார்கள். நான் அடுக்களையில் உட்கார்ந்து தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நிலைப்படியில் குழந்தை நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு,

"ஏனுங்க, இது எதுக்குங்க எல்லாமே வாயத் தொறந்துட்டே செத்துப் போச்சு?"

அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் அவசரப்பட்டு நிமிரவில்லை. நிமிர்ந்தால் ஓடிவிடுவாள் என்று பயம். கருவாட்டைப் பார்த்தபடியே பதில் சொன்னேன். "அது சாப்புடறதே அப்படித்தான் சாமி. வாயத் தொறந்து வெச்சுட்டு நீந்தும். தண்ணி உள்ள வரும், இந்தச் செவுள் வழியா வெளிய போயிரும். தீனி மட்டும் உள்ள நின்னுக்கும்."

"தண்ணில என்னங்க தீனி இருக்குது?"

கல்லூரியில் மூன்று வருஷம் படித்ததற்கு அப்போதுதான் ஒரு உபயோகம் வந்தது. ஒரு நெத்திலியை வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் செவுளைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே சீப்பு மாதிரி மெல்லிய முட்கள் வரிசையாக இருக்கும். பிறகு அவளை ஆலைப் பக்கம் நடத்திக்கொண்டு போனேன். கையைப் பிடிக்கவில்லை, இரண்டடி தள்ளித்தான் வந்தாள். அங்கே அரைத்த மரவள்ளி, அந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு, தண்ணீரோடு சல்லடைத் துணியில் விழுந்துகொண்டிருந்தது. பால் கீழே இறங்கும், சக்கை மேலே நிற்கும். அந்தச் சக்கைக்குத் திப்பி என்று பேர். "இதுவேதான், மீனு மட்டும் திப்பிய எடுத்துக்கிட்டுத் தண்ணிய உட்டுரும். கடல் தண்ணி பாக்கத்தான் வெறுந்தண்ணி. உள்ள கண்ணுக்குத் தெரியாம ஆயிரம் உசுரு மெதக்குது" என்றேன். அவள் துணியையே பார்த்தாள். "மீனு ஒரு சேகோ மில்லுங்களா?" என்றாள். எனக்கு அந்த நிமிஷம் அவளைத் தூக்கிக் கொஞ்சவேண்டும் போல இருந்தது. தூக்கவில்லை.

அன்று ராத்திரி நாத்தனார் ஊட்ட வந்தபோது நான் சும்மா இருக்கமாட்டாமல் ஆரம்பித்தேன். இந்த நெத்திலி இப்போது விரல் நீளம்தான். மூன்று கோடி வருஷம் போனால் என்ன ஆகும் தெரியுமா என்று. குழந்தையின் வாய் தன்னால் திறந்தது. நாத்தனார் சமயம் பார்த்து ஒரு கவளத்தை உள்ளே தள்ளினார். அப்படித்தான் ஏற்பாடு அமைந்தது: கதை என்னுடையது, கை அவருடையது. எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனாலும் சோறு இறங்குகிறதே.

மீனை ஒரே நாளில் பெரிதாக்கிவிடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். கல்லூரியில் ஆசிரியை பாடம் நடத்தியது அப்படி. ஆயிரம் குஞ்சு பிறந்தால் அதில் ஒன்றுக்குச் செவுள் சீப்பு ஒரு மயிரிழை நீளம். அதற்குக் கொஞ்சம் கூடுதல் தீனி. அதன் குஞ்சுகளில் ஒன்றுக்கு இன்னும் ஒரு மயிரிழை. இப்படியே லட்சம் தலைமுறை. எதற்காகப் பெரிதாகவேண்டும் என்று குழந்தை கேட்டாள். "உங்கப்பா மில்லு பெரிசு. லோடு ஒரு மாசம் வராட்டியும் தாக்குப் புடிக்கும். சின்ன மில்லு நாலு நாள்ல கதவச் சாத்திரும். ஒடம்பும் அப்படித்தான். பெரிய ஒடம்பு பட்டினி தாங்கும். ஒரு எடத்துல தீனி தீந்தா, அடுத்த தீனி இருக்கற எடம் வரைக்கும் நீந்திப் போயிரும்." சொல்லும்போதே அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும்.

ராத்திரிக்கு ஒரு அடியாக வளர்ந்தது மீன். வாய், ஆலையின் பெரிய கதவளவு ஆனது. இரண்டு லாரி பக்கத்தில் பக்கத்தில் உள்ளே போய்த் திரும்பலாம். பல் கொட்டிப்போனது, கடிக்கிற வேலை இல்லாததால். செவுள் சீப்புகள் நீண்டு, வாய்க்குள் திரைச்சீலை மாதிரித் தொங்கின. தொண்டைத் தோல் மடிப்பு மடிப்பாகி, தண்ணீர் நிறைந்தால் விரியும், வடிந்தால் சுருங்கும். கண் சிறுத்துவிட்டது. பக்கவாட்டில் நெத்திலிக்கு ஒரு வெள்ளிப் பட்டை உண்டல்லவா, அது மட்டும் மாறவில்லை. ஏனென்றால் அது போகக் கூடாது என்று குழந்தை சொல்லிவிட்டாள். காரணம் கேட்டேன். "அழகா இருக்குதுங்க" என்றாள். விலங்கியலில் அதற்கு இடமில்லை. ஆனாலும் விட்டுவிட்டேன்.

கடல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. கரை கொல்லிமலை அடிவாரம். அவளுக்குத் தெரிந்த மிகப் பெரிய கல் நாமக்கல் மலைதான். அதன் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, மீன் அதைச் சுற்றிச் சுற்றி வரும். கடல் அவ்வளவு உயரம் ஏறுமா என்று என் ஆசிரியை கேட்டிருந்தால் நான் திருதிருவென்று முழித்திருப்பேன். கேட்க அவர் அங்கே இல்லை.

"நம்ம ஊடு?"

"தண்ணிக்கடியில."

"நாமங்க?"

"நாம இருக்கமாட்டோம் சாமி. ரொம்பக் காலம் ஆயிருக்குமில்ல."

அதற்கு அவள் கலங்கவில்லை. இல்லாமல் போவது அந்தக் குழந்தைக்குப் புதுச் சங்கதி அல்ல. மீன் தூங்கும்போது வாயை மூடுமா என்றுதான் கேட்டாள். மூடாது என்றேன். "அப்பத் தூக்கத்துலயும் தின்னுட்டே இருக்கும். குடுத்து வெச்சதுங்க" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. நாத்தனாரே சிரித்துவிட்டார்.

இப்படிக் கற்பனை விலங்குகளை வெளிநாட்டில் பெரிய படிப்பாளிகளே எலும்பு முதல் தோல் வரை யோசித்து வரைகிறார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் தலைக்கனம் இன்னும் கூடியிருக்கும்.

வைகாசி வாக்கில் ஒரு முன்னேற்றம். நான் தட்டில் போட்டு வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்து கதை சொன்னால், அவளே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். நான் பரிமாறிய சோறு. என் கையிலிருந்து இல்லைதான், ஆனால் என் கைக்கும் அவள் வாய்க்கும் நடுவில் ஒரு தட்டு மட்டும்தான் மிச்சம். அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன், பெருமையாக.

அந்தச் சமயத்தில்தான் நான் அந்தப் பிசகைச் செய்தேன்.

வீட்டுக்காரர் அன்று சீக்கிரம் வந்து, கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "ஏம்புள்ள, கடல்ல திமிங்கலம்னு ஒண்ணு இருக்குதே, அதுவும் இப்படிச் சலிச்சுத்தான தின்னுது? அது இருக்கறப்ப உன்ற நெத்திலிக்கு எங்க எடம்?"

சரியான பதில் எனக்குத் தெரியும். திமிங்கலம் முதலில் போகும். ஏதோ காரணத்தால் அழிந்து, அந்த இடம் வெகுகாலம் காலியாகக் கிடக்கும். பிறகுதான் வேறொரு சாதி உயிர், அந்த வேலையைச் செய்து செய்து, அதே மாதிரி உருவத்துக்கு வரும். வகுப்பில் ஆசிரியை இதை இரண்டு தரம் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் வீட்டுக்காரர் கேட்கிறார், கொஞ்சம் வித்தை காட்டும் ஆசை வந்துவிட்டது. கதையில் சண்டை இருந்தால்தானே ருசி.

"உங்க திமிங்கலம் என்ன பெரிய இது? நெத்திலி கோடி கோடியாச் சேந்து வந்து, அதோட தீனியெல்லாம் தின்னு தீத்துப்புடுச்சு. திமிங்கலத்துக்கு ஒரு பருக்கை மிஞ்சல. பசியிலயே செத்துப் போச்சு. இது போயி அந்த எடத்துல உக்காந்துக்கிச்சு" என்றேன்.

"பலே நெத்திலி" என்று அவர் சிரித்தார்.

குழந்தை கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழ். என் எதிரில் சாப்பிடுவதில்லை. நாத்தனார் ஊட்டினாலும் வாயில் அதக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். அப்பா ஊட்டினால் "கையில குடுங்கப்பா" என்று வாங்கிக்கொண்டு போவாள். எங்கே போகிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை. பத்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. காய்ச்சல் வேறு விட்டு விட்டு வந்தது. ராசிபுரம் டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்து, ரத்தம் இல்லை என்று டானிக்கும் பூச்சி மருந்தும் எழுதினார். "இப்படியே உட்டா கொழந்தை தாங்காதுங்க" என்று வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னாராம். பஸ்ஸில் திரும்பினோம். குழந்தை அவர் தோளில் தூங்கினாள். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாத்தனார் மட்டும் வாயை மூடவில்லை. "மீனு மீனுன்னு சொல்லிச் சொல்லி, புள்ளை வவுத்துல மீனே வளந்துருச்சாட்ட இருக்குது" என்றார். கதையை நிறுத்தினேன். நிறுத்தியும் பலனில்லை. பொம்பளைக்குக் கைராசி இல்லை என்று தோல் சீவும் பெண்கள் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. என் கையில் என்ன கோளாறு என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த ஊர் என்னைச் சும்மா விடாது என்ற பயம் முதலில் வந்தது. அந்தப் பயம் என்னைப் பற்றியது என்று உணர்ந்து வெட்கப்பட்டேன். பிறகு வந்த பயம் அவளைப் பற்றியது. அது போகவே இல்லை.

ஆனி மாசத்தில் ஒரு மத்தியானம். நெய் விட்டுப் பருப்புச் சோறு பிசைந்து கிண்ணத்தில் கொடுத்தேன். ஆச்சரியமாக, மறுக்காமல் வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனேன். ஜவ்வரிசி காயவைக்கும் களத்தின் ஓரத்தில் ஒரு மதில். அதை ஒட்டித் திப்பி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். அவள் மூட்டைமேல் ஏறி நின்று, சோற்றைச் சின்னச் சின்ன உருண்டையாக மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மதில் பூராவும் காய்ந்த பருக்கைகள். பத்துப் பன்னிரண்டு நாள் சோறு.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஊரே என்னைக் கைராசி இல்லாதவள் என்கிறது, இவள் காக்காய்க்கு விருந்து வைக்கிறாள். இறக்கி, முதுகில் ஒரு அடி வைத்தேன். எலும்பில் என் விரல் பட்டது. அந்த அடியை இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை கூசுகிறது.

அவள் அழவில்லை. கிண்ணத்திலிருந்து சிந்தியதைக் குனிந்து பொறுக்கி, மண்ணை ஊதிவிட்டு, திரும்பவும் மதிலில் வைக்கப் போனாள்.

"யாருக்குடி அது?" என்றேன்.

"எங்கம்மாக்குங்க."

"அம்மாக்கா?"

"அம்மா பசியா இருக்கறாங்க. அன்னிக்கு எலைல வெச்சத நீங்க தின்னுட்டீங்கோ. பொறவு அம்மா வந்து பாத்தா ஒண்ணுமில்லீங்க. நானும் தின்னுட்டா அம்மாக்கு ஆருங்க தருவாங்க?"

திப்பி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது தை அமாவாசையை. எங்கள் கல்யாணம் முடிந்து நாலாம் நாள். அந்தப் பக்கத்தில் ஒரு முறை உண்டு. சுமங்கலியாகப் போனவளுக்குப் புதுச் சேலை வைத்து, தலைவாழை இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் படைப்பார்கள். காக்காய்க்கு வைத்த பிறகு, இரண்டாவதாக வந்தவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அந்த இலையிலேயே உட்கார்ந்து சாப்பிடவேண்டும். மூத்தவள் மனசு குளிர்ந்து இவளை ஏற்றுக்கொள்வாள் என்று நம்பிக்கை. நானும் சொன்னபடி செய்தேன். பசி வேறு, நன்றாகவே சாப்பிட்டேன். குழந்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது லேசாக ஞாபகம் இருக்கிறது. காலையிலிருந்து அவளிடம் எல்லோரும் சொல்லிவைத்திருந்தது, "அம்மா வந்து சாப்புடுவா, பாரு" என்பது. அவள் காத்திருந்திருக்கிறாள். அம்மா வரவில்லை. யாரோ ஒருத்தி அம்மாவின் சேலையில் வந்து உட்கார்ந்து, இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

அதற்கு மேல் நான் நெத்திலிக் கதை வேறு சொன்னேன். தீனியெல்லாம் தின்று தீர்த்தது, திமிங்கலம் பசியிலேயே செத்தது என்று, சிரிக்கச் சிரிக்க.

அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். ஒரு மூட்டை தள்ளி உட்கார்ந்தாள். அடித்தது தப்பு என்றேன். "பரவால்லீங்க" என்றாள். அதைக் கேட்க அடி வாங்குவதைவிட வலித்தது.

"சாமி, அன்னிக்குத் திமிங்கலத்தப் பத்திச் சொன்னது பொய். அப்பா சிரிக்கோணும்னு மாத்திச் சொல்லிட்டேன். நெத்திலி அதோட தீனியத் திங்கவே இல்ல."

நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எதுக்குங்க செத்துச்சு?"

"நோவு வந்துச்சு. வைத்தியம் பாத்தாங்க, நிக்கல. அது மேல யாரும் கோவிச்சுக்கல, யாரும் அதப் பட்டினி போடல. நோவுதான்."

"நெத்திலி அப்ப எங்க இருந்துச்சுங்க?"

"ரொம்பத் தூரத்துல. வேற கடல்ல. திமிங்கலம்னு ஒண்ணு இருந்ததே அதுக்குத் தெரியாது."

"சேலமுங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவள் மீனைப் பற்றிப் பேசவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்துபோயிற்று. களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிவிடும் பெண்ணின் கால் சத்தம் மட்டும் கேட்டது.

"திமிங்கலம் போன பொறவு" என்று நான் மெதுவாகத் தொடங்கினேன், "கடல்ல தீனி அப்படியே கெடந்துச்சு. திங்க ஆளில்ல. கரண்டு போனா நம்ம மில்லுத் தொட்டில கெழங்குப் பால் என்னாகும்?"

"புளிச்சுப் போகுங்க. நாறும்."

"அப்படித்தான் ஆச்சு. நெத்திலி அதுக்கப்புறந்தான் வந்துச்சு. அது திமிங்கலத்தோட கொழந்தையும் இல்ல, சொந்தமும் இல்ல. வேற சாதி மீனு. எடம் சும்மா கெடந்துச்சு, செய்ய வேண்டிய வேலை கெடந்துச்சு, செஞ்சுது. செய்யச் செய்யத்தான் பெருசாச்சு."

"எத்தன நாளு சும்மா கெடந்துச்சுங்க?"

"ரெண்டு வருஷம்" என்றேன். கோடி என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது அதுதான்.

அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு "செரிங்க" என்று சொல்லிவிட்டு, மூட்டையிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் ஒன்றுமில்லை. ஆனால் அன்று ராத்திரி தட்டில் போட்டதில் பாதி உள்ளே போனது, மதிலுக்குப் போகவில்லை. மறுநாளும் அப்படியே. நான் பக்கத்தில் போய் ஊட்ட மட்டும் முயற்சி செய்யவில்லை. கேட்கத் தைரியமில்லை என்பதுதான் உண்மை.

ஆடி அமாவாசை வந்தது. திரும்பவும் இலை, சேலை, பாயசம். இந்தத் தடவை நான் அந்த இலையில் உட்காரமாட்டேன் என்று சொன்னேன். நாத்தனாருக்கு ஆத்திரம். "மொறைன்னு ஒண்ணு இருக்குது புள்ள. செத்தவ சாபம் புடிக்கும்" என்றார்.

"மொறை இருக்கட்டுங்க அக்கா. மொதல்ல அவங்க சாப்புட்டு முடிக்கட்டும். முடிச்சாங்கன்னு கொழந்தை சொல்லட்டும். பொறவு பாக்கலாம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. நல்ல நாளில் சண்டை. வீட்டுக்காரர் எழுந்து வந்தார். எனக்குத் திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். "புள்ளை சொல்றப்பத் தின்னுக்கலாம், இப்ப என்ன ரயிலா போயிருது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, இலையைத் தூக்கிக்கொண்டு போய் மதில் ஓரத்தில் தானே வைத்தார்.

குழந்தை இலைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு காக்காய் வந்தது, போனது. இன்னும் இரண்டு வந்தன. அவள் அசையவில்லை. நாத்தனார் பசியில் நெளிந்தார். வீட்டுக்காரர் அவரைக் கண்ணால் அடக்கினார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தன் அம்மா நிதானமாகச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் நினைத்தாளோ, அவ்வளவு நேரம்.

பிறகு எழுந்து இலையைச் சுற்றிவந்து குனிந்து பார்த்தாள். சோறு கலைந்திருந்தது, வடை ஒன்று காணவில்லை, பாயசம் கிண்ணத்தில் இருந்தது.

"தின்னாச்சுங்கப்பா" என்றாள்.

பாயசத்தில் நாலு விரலையும் விட்டு அள்ளினாள். ஜவ்வரிசி விரல் இடுக்கில் வழுக்கிப் பாவாடையெல்லாம் சொட்ட, என் முன்னால் வந்து கையை நீட்டினாள். எட்டவில்லை. நான் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன்.

"இது மீதிங்க. அம்மா போதும்னு உட்டது. நீங்க தின்னலாங்க."

வாயைத் திறந்தேன். அவள் விரல் என் நாக்கில் பட்டது. விழுங்குகிற வரைக்கும் அவள் என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இறங்கியதும், கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, என் எதிரே அந்த மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குங்க" என்று சொல்லி, வாயைத் திறந்தாள்.

நான் ஊட்டினேன்.